தோட்டாவுல ரன்அவுட் 6 தௌ காட்டுது, ஸ்க்ரூ வெச்சுத் தள்ளி நேராக்கலாமா?

நீங்க கேட்டது இதுதான்: .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு வீட்லயே தோட்டா லோடு பண்றீங்க (பித்தளைக் கேஸ், பிரைமர், மருந்து, முன்னாடி புல்லட், எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா), தோட்டாவைச் சுத்தும்போது புல்லட் எவ்வளவு ஆடுதுன்னு (அதுதான் ரன்அவுட்) டயல்ல காட்டுற கான்சென்ட்ரிசிட்டி கேஜ் ஒண்ணு புதுசா வாங்கி முதல் தடவையா அளந்து பாத்தீங்க, 100 தோட்டால பாதிக்கு மேல 5, 6 தௌ (ஒரு தௌன்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு, 25 மைக்ரான் சொச்சம்) காட்டுது, சிலது 8 வரைக்கும் போகுது, அந்த டூல்லயே புல்லட்டைத் தள்ளி நேராக்க ஒரு ஸ்க்ரூ இருக்கு, எல்லாத்தையும் தள்ளி 1 தௌக்குள்ள கொண்டு வந்துட்டா 600 யார்டுல குரூப் சுருங்குமா. ஆனா உங்க கேள்வியை ரெண்டு மூணு தடவை படிச்சதுல எனக்குப் பட்டது, அதுக்குள்ள மூணு கேள்வி இருக்கு. காட்டுற நம்பரை நம்பலாமா, அந்தக் கோணல் எங்கேருந்து வருது, வந்ததை இப்போ சரி பண்ணா டார்கெட்ல ஏதாவது தெரியுமா. முதல் ரெண்டுக்கும் என்னால உறுதியா பதில் சொல்ல முடியும். மூணாவதுல பாதிதான் உறுதி, மீதி இன்னும் ஆளுக்கு ஆள் வாதம் பண்ணிட்டு இருக்குற விஷயம்.

நான் தொழில்ல டூல் அண்ட் டை மேக்கர், இங்க ஒஹாயோல 20 வருஷத்துக்கு மேல டூல் ரூம்லயும் இன்ஸ்பெக்ஷன் ரூம்லயும் ஓடிப்போச்சு, டயல் வெச்சு ஜாபை ட்ரூ பண்றதுதான் சோறு போடுது. ரைஃபிள் அதுக்கப்புறம் வந்த பழக்கம், எஃப்-கிளாஸ் (படுத்து, ரைஃபிளைத் தாங்கி வெச்சு தூர டார்கெட் சுடுற போட்டி) சுடுறேன், பெரும்பாலும் 600 யார்டு, வருஷத்துல சில தடவை 1000. என் அனுபவம் எல்லாம் .308லயும் 6.5 கிரீட்மூர்லயும்தான். பெஞ்ச்ரெஸ்ட்காரங்க (மேசையில ரைஃபிளைத் தாங்கி வெச்சு சுடுறவங்க) டைட் நெக் சேம்பர் வெச்சு சுடுறது தனி உலகம், அங்க நான் சொல்ற சிலது பொருந்தாது.

முதல்ல நம்பர். டயல் காட்டுற 6 தௌ, புல்லட் சென்டர்ல இருந்து 6 தௌ விலகி இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஒரு முழுச் சுத்துல முள்ளு ஏறி இறங்குற மொத்த அளவு அது, உண்மையான விலகல் அதுல பாதி, அதாவது 3 தௌ. இதை லேத்ல வேலை பாத்தவங்க யாரும் மாத்திச் சொல்ல மாட்டாங்க, ஆனா ரீலோடிங் பேசுற இடத்துல ரெண்டையும் கலந்து பேசி ஒருத்தர் 2ன்னும் இன்னொருத்தர் 4ன்னும் ஒரே தோட்டாவைப் பத்தி சண்டை போடுறதை நிறைய பாத்திருக்கேன். அடுத்தது எங்க அளந்தீங்கங்கிறது. புல்லட் சாய்ஞ்சு இருந்தா நெக் (புல்லட்டைப் பிடிக்கிற கேஸோட கழுத்து) வாய்கிட்ட கம்மியா காட்டும், நுனிப் பக்கம் போகப் போக ஏறும். நெக் வாய்லயே மடங்கி இருக்குன்னு வெச்சுக்கிட்டா, அரை இன்ச் முன்னாடி டயல் 4 தௌ காட்டினா விலகல் 2 தௌ, கோணம் கணக்குப் போட்டா கால் டிகிரிகூட வராது. அதனால "என் தோட்டா 2 தௌ"ன்னு யாராவது சொன்னா எந்த இடத்துல, எந்த மாதிரி டூல்லன்னு கேக்காம ஒப்பிடாதீங்க.

டூல் விஷயத்துல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு கேஸோட உடம்பை ரெண்டு இடத்துல வி-பிளாக் மாதிரி பால் பேரிங் மேல உக்கார வெச்சு சுத்துறது, சின்க்ளேர், 21ஸ்ட் செஞ்சுரி கேஜெல்லாம் இந்த வகை. இன்னொண்ணு பின்னாடி கேஸ் ஹெட்டையும் முன்னாடி புல்லட் நுனியையும் பிடிச்சு நடுவுல டயல் வைக்கிறது, நீங்க சொல்ற ஸ்க்ரூ வெச்ச ஹார்னடி டூல் இந்த வகை. ரெண்டும் தப்பான டூல் இல்ல, ஆனா ரெண்டும் வேற வேற அச்சை சென்டர்னு எடுத்துக்குது. ஒரே தோட்டாவை ரெண்டுலயும் வெச்சா ரெண்டு நம்பர் வரும். சேம்பர்ல (பேரலோட பின்பக்கம் தோட்டா உக்காருற குழி) தோட்டா உக்காரும்போது அதைப் பிடிக்கிறது கேஸோட உடம்பும் ஷோல்டரும்தான் (உடம்பு நெக்கா குறுகுற சரிவு), அதனால எனக்கு உடம்பைப் பிடிச்சு அளக்குறதுதான் மனசுக்குச் சரியா படுது. வி-பிளாக்குக்கும் ஒரு குணம் உண்டு, கேஸ் வட்டமா இல்லாம லேசா முக்கோண வாட்டத்துல இருந்தா அது அந்த ஆட்டத்தைக் கூட்டியோ மறைச்சோ காட்டும், பிளாக்கோட கோணத்தைப் பொறுத்து.

அளக்குற கைப்பழக்கத்துல நிறைய பேர் விடுற தப்பு ஒண்ணு இருக்கு. புல்லட்டோட வளைவு மேல டயல் நிக்குது, அது சரிவான இடம். நீங்க சுத்தும்போது தோட்டா முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்ந்தாக்கூட முள்ளு ஆடும், அது ரன்அவுட் இல்ல, நகர்வு. அதனால பின்பக்கம் ஒரு ஸ்டாப் இருக்கணும், எப்பவும் லேசா அதுல அழுத்திப் பிடிச்சே சுத்தணும். பின்பக்க பேரிங் எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கேஸை வெளிய இழுக்குற கொக்கி) பள்ளத்துலயோ ரிம்லயோ உக்காரக் கூடாது, அங்க துப்பாக்கியோட எக்ஸ்ட்ராக்டர் கீறின பிசிறு இருக்கும், ஒவ்வொரு சுத்துக்கும் அதுல ஏறி இறங்கும், அந்தப் பள்ளத்துக்கு முன்னாடி உடம்புல உக்கார வைங்க. டயல் அரை தௌ கோடு போட்டதா இருந்தா நல்லது. எல்லாத்துக்கும் முன்னாடி ஒரே ஒரு தோட்டாவை எடுத்து, வெச்சு எடுத்து வெச்சு எடுத்து 10 தடவை அளந்து எழுதுங்க. பத்தும் அரை தௌக்குள்ள வந்தா உங்க கையும் டூலும் சரி. 3ல இருந்து 6 வரைக்கும் அலைஞ்சா உங்க 100 தோட்டா நம்பரும் இப்போதைக்கு குப்பைதான், கோவிச்சுக்காதீங்க, எங்க கடையில புதுசா வர்ற பசங்களுக்கும் முதல் நாள் இதைத்தான் செய்யச் சொல்லுவேன்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். மெஷின் ஷாப்ல இருக்குறவங்களுக்கு லேத் சக்ல மாட்டி டயல் அடிக்கலாமேன்னு கை துறுதுறுங்கும். காலி கேஸ், பிரைமர் இல்லாதது, தாராளமா மாட்டுங்க. லோடு பண்ண தோட்டாவை எந்த சக்லயும் காலெட்லயும் மாட்டாதீங்க, ட்ரில் மெஷின்லயும் கூடாது. கையால சுத்துற கேஜ்ல வெக்கும்போதும் பிரைமர் மேல எதுவும் குத்துற மாதிரி இருக்கக் கூடாது, நுனி ஆள் இல்லாத பக்கம் பாத்து இருக்கணும், கண்ணாடி போட்டிருக்கணும்.

இப்போ ரெண்டாவது கேள்வி, எனக்கு ரொம்ப முக்கியம்னு படுறது இதுதான். ரன்அவுட் கடைசியில புல்லட்ல தெரியுதே தவிர பெரும்பாலும் புல்லட்டை உக்கார வைக்கிறதுக்கு முன்னாடியே பிறந்துடுது. அதனால முடிஞ்ச தோட்டாவை மட்டும் அளந்தா யார் மேல தப்புன்னு தெரியாது. 10 கேஸ் எடுத்துக்கோங்க, மார்க்கர்ல நம்பர் போடுங்க, நாலு கட்டத்துல நாலு தடவை அளங்க. சுட்டு வெளிய வந்த உடனே நெக்ல ஒரு தடவை, எக்ஸ்பேண்டர் பாலைக் (நெக்கை உள்ளேருந்து விரிக்கிற உருண்டை) கழட்டிட்டு சைசிங் டைல (விரிஞ்ச கேஸைத் திரும்ப அளவுக்கு நெரிக்கிற அச்சு) விட்டு எடுத்து ஒரு தடவை, எக்ஸ்பேண்டர் போனதுக்கப்புறம் ஒரு தடவை, புல்லட் உக்கார்ந்ததும் நெக்லயும் புல்லட்லயும் ஒரு தடவை, அப்போ டயல் உச்சம் காட்டுற பக்கத்தை (மேடு) மார்க்கர்ல குறிங்க. சேம்பர்ல வெடிச்சு விரிஞ்ச கேஸ் பொதுவா ரொம்ப நேரா இருக்கும், ஒரு தௌ பக்கத்துலதான் வரும், ஏன்னா சேம்பரே அதுக்கு அச்சு. அதுக்கப்புறம் எந்தக் கட்டத்துல நம்பர் எகிறுதோ அங்கதான் திருடன்.

நான் பாத்த வரைக்கும் முதல் சந்தேகம் எக்ஸ்பேண்டர் பால் மேலதான் போகணும். சாதாரண சைசிங் டை நெக்கைத் தேவைக்கு மேல நெரிச்சுடும், அப்புறம் கேஸ் வெளிய வரும்போது அந்த பால் உள்ளேருந்து நெக்கை இழுத்துக்கிட்டே வரும், அந்த நேரம் நெக்கைச் சுத்தி தாங்க ஒண்ணும் இல்ல, பால் ஒரு பக்கமா நின்னா நெக் அந்தப் பக்கம் சாயும். கிறீச்சுன்னு சத்தத்தோட இறுக்கமா வருதுன்னா அது நல்ல அறிகுறி இல்ல. நெக்குக்குள்ள கொஞ்சம் மைக்காவோ கிராஃபைட்டோ தடவுறது, டீகேப்பிங் ராடோட (பழைய பிரைமரைத் தள்ளுற கம்பி, பாலும் இதுலதான் இருக்கும்) லாக் நட்டுக்கு அடியில ஒரு ரப்பர் ஓ-ரிங் போட்டு அதை மிதக்க விடுறது, இது ரெண்டும் செலவே இல்லாத வைத்தியம். அடுத்த படி, பாலைக் கழட்டி வெச்சுட்டு தனியா ஒரு மாண்ட்ரல் (வழவழப்பான உருளைக் கம்பி) டைல மேலேருந்து உள்ள தள்ளி விரிக்கிறது. இழுக்குறதுக்கும் தள்ளுறதுக்கும் உள்ள வித்தியாசம் பெருசு, தள்ளும்போது கேஸ் ஷெல்ஹோல்டர்ல (பிரஸ்ல கேஸோட அடியைப் பிடிக்கிற துண்டு) அழுந்தி உக்கார்ந்திருக்கும், நெக் நீளத்துக்கு இழுபடாது. லீ காலெட் டை பண்றது இன்னொரு வழி, அது நெக்கை வெளியிலேருந்து விரல் மாதிரி நாலு பக்கமும் நெருக்கி உள்ள இருக்குற ராட் மேல அமுக்குது, இழுபறியே இல்ல, விலையும் கம்மி, என்கிட்ட இருக்குற டைகள்ல நெக்கை நேரா வெக்கிறதுல அது இன்னிக்கும் முன் வரிசையில இருக்கு. ரெடிங் புஷிங் டை வாங்கினா உங்க நெக்குக்கு ஏத்த புஷிங் (மாத்திப் போடுற வளையம்) போட்டு தேவையான அளவுக்கு மட்டும் நெரிக்கலாம், அப்போ பாலோட வேலையே குறையுது.

ரெண்டாவது சந்தேகம் நெக் சுவரோட கனம். இதுக்குக் கணக்கு சுலபம். ஒரு பக்கம் சுவர் 15 தௌ, எதிர்ப்பக்கம் 13 தௌன்னு வெச்சுக்கோங்க, அப்போ உள் துளையோட சென்டர் வெளி வட்டத்தோட சென்டர்ல இருந்து 1 தௌ தள்ளி இருக்கும், டயல்ல அது 2 தௌவாத் தெரியும். எவ்வளவு நல்ல டை போட்டாலும் அந்த 2 தௌ போகாது, ஏன்னா கோணல் பித்தளையிலயே இருக்கு. உருண்டை முனை வெச்ச மைக்ரோமீட்டர்ல நெக்கை நாலு இடத்துல அளந்தா தெரிஞ்சுடும். வித்தியாசம் ஒன்றரை தௌக்கு மேல போற கேஸை நான் தனியா ஒதுக்கிடுவேன், நெக் டர்னிங் (நெக்கோட வெளிப்பக்கத்தைச் சீவுறது) பண்ணிச் சரி பண்ணலாம், அது பொறுமை வேணும், ஃபேக்டரி சேம்பர்ல ரொம்பச் சீவினா நெக்கைச் சுத்தி இடம் அதிகமாகி ஒவ்வொரு சூட்டுலயும் பித்தளை கூடுதலா விரிஞ்சு சீக்கிரம் வெடிப்பு விடும், அதனால மேடான பக்கத்தை மட்டும் லேசா சீவி நிறுத்திடுங்க. கனம் நெக்ல மட்டும் இல்லாம உடம்பு நெடுக ஒரு பக்கம் கம்மியா இருந்தா சுடும்போது அந்தப் பக்கம் கூட நீண்டு கேஸே வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு வரும், அதுக்கு வைத்தியம் கிடையாது, பேரல் சூடாக்குற முதல் சில சூட்டுக்கு வெச்சுக்கோங்க.

மூணாவதா புல்லட் உக்காருற கட்டம். நெக் 1 தௌ, புல்லட் 5 தௌன்னு வந்தா தப்பு இங்க. நெக் 3, புல்லட் 6, ரெண்டோட மேடும் ஒரே பக்கம்னா புல்லட் நெக்குக்குள்ள நேராத்தான் இருக்கு, நெக்கே சாய்ஞ்சு போச்சு. இதைப் பிரிச்சுப் பாக்கத்தான் ரெண்டு இடத்துல அளந்து மேட்டை மார்க்கர்ல குறிக்கச் சொன்னேன். சீட்டிங் டைல (புல்லட்டை உக்கார வைக்கிற அச்சு) முதல்ல பாக்க வேண்டியது ஸ்டெம், புல்லட்டைத் தள்ளுற தண்டு. அது புல்லட்டோட நுனியில இடிச்சுத் தள்ளக் கூடாது, வளைவுல பிடிச்சுத் தள்ளணும். நீளமான ஒல்லியான மேட்ச் புல்லட்டுக்கு சில ஸ்டெம்ல குழி ஆழம் பத்தாது, நுனி அடியில முட்டும். புல்லட்ல மார்க்கர் மை தடவி உக்கார வெச்சுப் பாருங்க, மை எங்க அழியுதுன்னு தெரிஞ்சுடும். நெக் வாயோட உள் விளிம்பை நல்லா சாம்ஃபர் பண்ணுங்க (சரிவா சீவுங்க), போட்-டெயில் (அடிப்பக்கம் குறுகின) புல்லட் தானா நேரா இறங்கும், ஃப்ளாட் பேஸ் கொஞ்சம் அடம் பிடிக்கும். ஃபார்ஸ்டர், ரெடிங் காம்படிஷன் மாதிரி டைகள்ல ஒரு ஸ்லீவ் முதல்ல கேஸையும் புல்லட்டையும் ஒரே நேர்க்கோட்டுல பிடிச்சுக்கிட்டு அப்புறம்தான் தள்ளுது, சாதாரண டைல இருந்து அதுக்கு மாறினப்போ எனக்கு உடனே வித்தியாசம் தெரிஞ்சுது. பாதி இறக்கி, அரைச் சுத்து திருப்பி, மீதி இறக்குறதுன்னு ஒரு பழக்கம் இருக்கே, சாதாரண டைல அது கொஞ்சம் உதவுது, நல்ல டைல நான் அளந்ததுல ஒரு மாற்றமும் இல்ல.

இனி ஸ்க்ரூ. தள்ளினா நம்பர் இறங்கும், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா தள்ளும்போது என்ன நகருதுங்கிறது உங்க கையில இல்ல. சில தடவை புல்லட் நெக்குக்குள்ள அசையுது, சில தடவை நெக்கும் ஷோல்டரும் சேர்ற இடத்துல பித்தளை மடங்குது, சில தடவை நெக்கோட ஒரு பக்கம் விரிஞ்சு பிடி தளர்ந்துடுது. மூணுக்கும் டயல்ல ஒரே நம்பர்தான். பித்தளைக்கு திரும்பி வர்ற குணம் வேற இருக்கு, நேராக்கணும்னா நேரைத் தாண்டித் தள்ளணும், எவ்வளவு தாண்டணும்ங்கிறது ஒவ்வொரு கேஸுக்கும் மாறும், எத்தனை தடவை சுட்டது, அனீல் பண்ணதா (சூடாக்கி மிருதுவாக்கினதா) இல்லையான்னு பொறுத்து. நானும் ஆரம்பத்துல ஒரு குளிர்காலம் முழுக்க இதைத்தான் செஞ்சேன், 50 தோட்டாவை ராத்திரி உக்கார்ந்து எல்லாத்தையும் 1 தௌக்குள்ள தள்ளி, டப்பாவுல அடுக்கி, ஒரு வாரம் கழிச்சு சும்மா திரும்ப அளந்து பாத்தா ஒரு டஜனுக்கு மேல திரும்ப 2, 3ன்னு நிக்குது. மிச்சத்தை எடுத்துட்டுப் போய் சுட்டேன், பக்கவாட்டுல ஒரு முன்னேற்றமும் இல்ல, மேல கீழ வழக்கத்தைவிட கொஞ்சம் பரவியிருந்துச்சு. பிடி தோட்டாவுக்குத் தோட்டா மாறினதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன், ஆனா ஒரு நாள் சுட்டதை வெச்சு அதை நிரூபணம்னு சொல்ல மாட்டேன்.

டார்கெட்ல என்ன தெரியும்ங்கிறதுக்கு வர்றேன். இயற்பியல் பக்கம் உறுதியானது இவ்வளவு. சாய்ஞ்ச புல்லட் ரைஃபிளிங்குக்குள்ள (பேரலுக்குள்ள இருக்குற முறுக்குப் பள்ளங்கள்) சாய்ஞ்சே நுழைஞ்சா அதோட எடை மையம் பேரலோட அச்சுல இருக்காது. 10 இன்ச்சுக்கு ஒரு முறுக்கு உள்ள பேரல்ல வினாடிக்கு 2700 அடி வேகத்துல வெளிய வரும்போது அது நிமிஷத்துக்கு 1,94,000 தடவை சுத்திட்டு இருக்கு, வாயை விட்டு வந்த உடனே அந்த விலகின எடை அதைப் பக்கவாட்டுல உதறிவிடும். உதறுற திசை மேடு எந்தப் பக்கம் இருந்துச்சோ அதைப் பொறுத்தது. இதெல்லாம் சரி. சந்தேகம் எங்க ஆரம்பிக்குதுன்னா, லோடு பண்ண தோட்டாவுல நீங்க அளந்த 4 தௌல எவ்வளவு பேரலுக்குள்ள மிஞ்சுதுங்கிறதுல. புல்லட் ரைஃபிளிங்கைத் தொடுற மாதிரி நீளமா லோடு பண்ணா போல்ட் மூடும்போதே கொஞ்சம் நேராகிடும். தொண்டைப் பகுதி (சேம்பருக்கு முன்னாடி, ரைஃபிளிங் தொடங்குற இடம்) புல்லட்டைவிட சில பத்தாயிரத்துல பங்கு இன்ச்தான் பெருசுன்னா அதுவும் நேராக்கும், தேய்ஞ்ச அகலமான தொண்டைன்னா நேராக்காது. அதனாலதான் ஒரு ரைஃபிள்ல 5 தௌ பளிச்சுனு தெரியுது, இன்னொண்ணுல 8 தௌகூட தெரிய மாட்டேங்குது, ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றாங்க.

உங்க ரைஃபிள்ல தெரியுதான்னு நீங்களே பாக்க ஒரு வழி இருக்கு, எனக்கு இதுதான் நேர்மையான சோதனைன்னு படுது. 6 தௌக்கு மேல உள்ளதுல 20 தோட்டா எடுங்க, மேட்டை மார்க்கர்ல குறிங்க. 10 தோட்டாவை மேடு மேல இருக்குற மாதிரி சேம்பர்ல வைங்க, 10ஐ கீழ இருக்குற மாதிரி, மாத்தி மாத்தி சுடுங்க, ஆனா ரெண்டுக்கும் தனித்தனி டார்கெட். ரன்அவுட் உங்க ரைஃபிளைத் தொந்தரவு பண்ணுதுன்னா ரெண்டு குரூப்போட நடு இடமும் தள்ளித் தள்ளி விழும். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா நீங்க இதைப் பத்தி இத்தனை தூக்கம் கெடுக்க வேண்டாம். மூணு மூணு சூடு சுட்டு முடிவுக்கு வராதீங்க, ஒரே லாட்ல ஒரே நாள்ல அடுத்தடுத்த ரெண்டு குரூப்பே ஒண்ணு மத்ததுக்கு ரெண்டு மடங்கு வர்றது சாதாரணம்.

600 யார்டுக்கு ஒரு அளவுகோலும் சொல்லிடறேன். எஃப்-கிளாஸ் டார்கெட்ல அந்தத் தூரத்துக்கு நட்ட நடுவுல இருக்குற எக்ஸ் வட்டம் 3 இன்ச், 10 வட்டம் 6 இன்ச். 175 கிரெய்ன் .308 புல்லட்டுக்கு குறுக்குக் காத்தை மணிக்கு ஒரே ஒரு மைல் வேகம் தப்பா கணிச்சா சுமார் 3 இன்ச் தள்ளிடும், எக்ஸ் வட்டத்தோட அகலமே அவ்வளவுதான். ரன்அவுட்டை விட்டுடுங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, சீரான நெக், சீரான பிடி, ஒரே வேகம் எல்லாம் கூடவே வரும்ங்கிறதாலதான் நான் இன்னும் அதுல இத்தனை மெனக்கெடுறேன். ஆனா எதுக்குப் பணம் செலவு பண்றதுன்னு கேட்டா, 250 டாலருக்கு டை வாங்குறதுக்கு முன்னாடி ஓ-ரிங், மைக்கா, மார்க்கர் சோதனை மூணையும் முடிச்சுட்டு மிச்சக் காசை காத்துல பயிற்சி சுடுறதுக்குப் போடுங்க.

இப்போ டப்பாவுல இருக்குற அந்த 100 தோட்டாவை என்ன பண்றதுன்னா, ஸ்க்ரூவைத் தொடாதீங்க. முதல்ல அந்த 10 தடவை அளக்குறதை முடிச்சு கை நிலைச்சதும் எல்லாத்தையும் திரும்ப அளந்து மூணாப் பிரிங்க. 3 தௌ வரைக்கும் உள்ளது மேட்ச்சுக்கு, 3ல இருந்து 6 வரைக்கும் பயிற்சிக்கு, அதுக்கு மேல போனதுல 20ஐ மேல சொன்ன சோதனைக்கு எடுத்துட்டு மீதி பேரல் சூடாக்கவும் சைட்டிங்குக்கும். சுட்டு முடிச்சதும் எந்தக் கேஸ் எந்தக் குவியல்ல இருந்துச்சுன்னு பிரிச்சே வைங்க, கழுவும்போது கலந்துடாம. அடுத்த தடவை லோடு பண்ணும்போது அதே கேஸ் திரும்ப 6 காட்டினா பித்தளை மேல தப்பு, எல்லாம் கலந்து கட்டி எது வேணா 6 காட்டினா டை மேலயோ பிரஸ் மேலயோ தப்பு. அந்த நாலு கட்ட நம்பர் 10 கேஸுக்கும் கையில வந்ததும் இங்கயே போடுங்க, எந்த டை, எந்த பிரஸ், புல்லட் என்னன்னும் சேர்த்து எழுதுங்க, பாத்துட்டு சொல்றேன்.